ஊருக்கே சொன்னது போதும், ஒரு திண்ணையில் தொடங்குங்கள்

திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலராக இருக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது:

"எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பெண்கள் பீடி சுற்றுகிறவர்கள். முப்பது வயது தாண்டியவர்கள் நூற்றைம்பது பேர் இருப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இருக்கிறது, வாருங்கள் என்று வீடு வீடாகச் சொன்னேன். ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னோம். வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். ரேஷன் கடையில் நோட்டீஸ் ஒட்டினோம். ஆறு பேர் வந்தார்கள், ஆறு பேரும் ஆறு தெரு. அதில் ஒருவரைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு (அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) போகச் சொன்னார்கள். அன்று ராத்திரியே 'அங்க போனா கர்ப்பப்பைய எடுத்துருவாவ' என்று ஊரெல்லாம் பேச்சு. அடுத்த முகாமுக்கு ஒருத்தரும் வரவில்லை. பிறகு ரிட்டயர்டு ஹெச்.எம். அம்மாவையும் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு அம்மாவையும் பரிசோதனை செய்யவைத்து, அவர்கள் பேசியதை வீடியோவாகப் போட்டோம். எல்லாரும் பார்த்தார்கள், யாரும் வரவில்லை. பொய் ஒரே ராத்திரியில் ஊரைச் சுற்றி வந்துவிடுகிறது. நல்லது மட்டும் ஏன் நகர மாட்டேன் என்கிறது? யாரைப் பிடித்தால் இந்த ஊர் மாறும்? இல்லை, எனக்குத்தான் இந்த வேலைக்குத் தகுதி இல்லையா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் உழைப்பு வீணாகவில்லை. நாளைக்கே தெருவில் யாரையாவது நிறுத்தி, "ஆஸ்பத்திரியில என்ன பரிசோதனை, எதுக்கு, எந்த வயசுக்கு மேல?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக எல்லாரும் சரியாகச் சொல்வார்கள். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. செயல்தான் நின்றுபோயிருக்கிறது. செய்தி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிற பாதை வேறு, செயல் போகிற பாதை வேறு. சமூக மருத்துவத்தில் இத்தனை காலம் வேலை பார்த்த பிறகு நான் உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம் இது. முகாமுக்கு ஆள் வராதபோதெல்லாம் நம் துறை இன்னொரு மைக், இன்னொரு நோட்டீஸ் என்றுதான் யோசிக்கிறது. அது ஏற்கெனவே முடிந்த வேலையைத் திரும்பச் செய்வது.

அந்த வதந்தியையே எடுத்துக்கொள்வோம். அதைக் கேட்டவருக்கு என்ன செலவு? ஒன்றுமில்லை. நம்ப வேண்டும் என்றுகூட இல்லை, "இப்படிச் சொல்லுதாவ" என்று அடுத்த வீட்டில் சொன்னால் போதும். சொல்ல ஓர் ஆள், கேட்க ஓர் ஆள் இருந்தால் அது கடந்துவிடும். அதனால்தான் அது தூரத்து உறவுகளின் வழியே வேகமாக ஓடுகிறது. பஸ்ஸில் பார்த்தவர், தண்ணீர்க் குழாயடியில் நின்றவர், வாக்கப்பட்டுப் போன ஊரிலிருந்து போன் பேசிய மகள், எல்லாரும் அதற்கு வழிதான். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் இதைத்தான் எடுத்துக்காட்டினார். தெரிந்தவர் மூலம் வேலை தேடிக்கொண்டவர்களை அவர் விசாரித்தபோது, பெரும்பாலோருக்கு வேலை பற்றிய தகவல் வந்தது நெருங்கிய நண்பர்களிடமிருந்து அல்ல, எப்போதாவது பார்க்கிற ஆட்களிடமிருந்து. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி வெளியிலிருந்துதான் வரும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் மும்பைக்காரரும் சென்னைக்காரரும் ஒன்றாகக் கூடுகிற நம் ஊரில் இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிற சித்தப்பா மகன்தான் "அங்க ஒரு கம்பெனில ஆள் எடுக்காவ" என்று சொல்லுவான்.

பரிசோதனைக்கு வருவது அப்படிப்பட்டதா? உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி வந்து போக என்னென்ன கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அவள் இடத்திலிருந்து எண்ணிப் பாருங்கள்.

காலையில் வீட்டு வேலையை முடித்துவிட்டு ஐந்தாறு பேர் ஒரு திண்ணையில் வந்து உட்காருகிறார்கள். மடியில் பீடித் தட்டு. நனைத்த இலையைத் தகடு வைத்துக் கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுப்போட வேண்டும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. அரை நாள் எழுந்து போனால் அரை நாள் பீடி குறையும், பீடிக் கடையில் அன்றைய எண்ணிக்கை குறைவாக விழும். இது முதல் நஷ்டம், ஆனால் பெரிய நஷ்டம் இல்லை. பெரியது, அவள் தட்டை இறக்கிவைத்து எழுந்ததும் வருகிற கேள்வி: "எங்கட்டி போற? ஒனக்கு என்ன நோவு?" தனியாகப் போகிற பெண் நோய்க்காரி ஆகிவிடுகிறாள். அதுவும் அந்த இடத்து நோய் என்றால் அடுத்து என்னென்ன பேச்சு கிளம்பும் என்று அவளுக்குத் தெரியும். மாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டும், வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு பயமும் கிடக்கிறது. ஏதாவது இருக்கிறது என்று சொல்லிவிட்டால்? பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?

இத்தனையையும் தாண்ட ஓர் ஆள் சொன்னது போதாது. ஒருத்தி போய் வந்தால் "அவளுக்கு ஏதோ கோளாறு, போனா" என்று தோன்றும். இரண்டாவது ஆள் போய் வந்தால் "என்னதான் இருக்கு?" என்று தோன்றும். மூன்றாவது ஆளும் தன்னோடு உட்கார்ந்து பீடி சுற்றுகிறவளாக இருந்தால், போவதன் அர்த்தமே மாறிவிடுகிறது. அப்போது அது நோய்க்காரியின் காரியமாக இல்லாமல் நம் தெருப் பெண்கள் செய்கிற காரியமாகிவிடும். இன்னும் ஒருபடி மேலே போய், "நீ ஏன் இன்னும் போகல?" என்ற கேள்விகூடத் திண்ணையில் எழலாம். இதே மாதிரி, செய்வதற்குத் துணிச்சலோ செலவோ தேவைப்படுகிற பழக்கம் எதுவானாலும், தன்னைப் போன்ற பலர் செய்வதைப் பார்த்த பிறகுதான் மனிதர்கள் அதில் இறங்குகிறார்கள்.

டேமன் சென்டோலா என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்து 2010இல் வெளியிட்டார். இணையத்தில் 1528 பேரைச் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் முகம் தெரியாத சில 'ஆரோக்கிய நண்பர்களை'க் கொடுத்தார். ஒரு பகுதியினருக்கு நண்பர்களை நம் தெருவைப் போல அமைத்தார். என் நண்பர்களே ஒருவருக்கொருவரும் நண்பர்கள். இன்னொரு பகுதியினருக்கு அதே எண்ணிக்கை நண்பர்கள்தான், ஆனால் சிதறிக் கிடப்பவர்கள், ஒருவரையொருவர் தொடாதவர்கள். ஒருவர் ஓர் ஆரோக்கியத் தளத்தில் சேர்ந்தால் அவருடைய நண்பர்களுக்குத் தகவல் போகும். சிதறிய வலையில்தான் வேகமாகப் பரவ வேண்டும் என்பது அதுவரை பலரும் எண்ணியது. நடந்தது நேர்மாறு. நெருங்கிய வலையில் 54 சதவீதம் பேர் சேர்ந்தார்கள், சிதறிய வலையில் 38 சதவீதம். நெருங்கிய வலையில் வேகமும் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒரு நண்பரிடமிருந்து மட்டும் தகவல் வந்தவர்களைவிட, இரண்டாவது நண்பரிடமிருந்தும் வந்தவர்கள் சேர்வது அதிகமாக இருந்தது. ஓர் இணையதளத்தில் பெயர் பதிவதற்கே இப்படி என்றால், புடவையை விலக்கிப் படுக்க வேண்டிய பரிசோதனைக்கு எத்தனை பேரின் துணை வேண்டும் என்று யோசியுங்கள்.

இப்போது உங்கள் முதல் ஆறு பேரிடம் வருகிறேன். ஆறு பேரும் ஆறு தெரு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நல்ல தொடக்கம் என்றுதான் யாரும் நினைப்பார்கள், எல்லாத் தெருவிலும் ஒரு விதை விழுந்தது என்று. ஆனால் ஆறு பேரும் தத்தம் தெருவில் ஒற்றை ஆளாக நின்றார்கள். "நானும் போனேன்" என்று சொல்ல அந்தத் திண்ணையில் இன்னொருத்தி இல்லை. வதந்தி வந்தபோது அதை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லக்கூட அவர்களால் முடிந்திருக்காது. அதே ஆறு பேர் ஒரே திண்ணையிலிருந்து வந்திருந்தால், அந்த ராத்திரி அந்தத் தெருவிலாவது பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

ஆகவே நான் சொல்லும் யோசனை ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் அதற்கான விவரம். ஊர் முழுவதையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒரு தெருவை, அதிலும் ஒரு திண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்காருகிற ஐந்தாறு பேரும் ஒரே நாளில், ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பும்படி செய்யுங்கள். மற்றத் தெருக்காரர்களுக்கு அநியாயம் செய்வதுபோல இருக்கும். மேலதிகாரிகளும் "கவரேஜ் என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். இரண்டையும் கொஞ்ச நாள் தாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தத் திண்ணை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஹெச்.எம். அம்மாவைப் போல் மதிப்புள்ளவரைத் தேடியது எல்லாரும் செய்வதுதான். ஆனால் அவர் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர் இல்லை. அவருக்குப் பென்ஷன் வருகிறது, அரை நாள் போனால் எண்ணிக்கை குறையாது, "ஒனக்கு என்ன நோவு?" என்று அவரைக் கேட்க யாருக்கும் துணிச்சல் வராது. அவர் போனது அவரைப் போன்றவர்களுக்குச் சரி, என்னைப் போன்றவளுக்கு எப்படி என்ற சந்தேகத்துக்கு அவருடைய வீடியோவில் பதில் இல்லை. அவர் பேசியதால் ஒரு பயன் உண்டு. பெரியவர்கள் இதைத் தப்பாக நினைக்கவில்லை என்று மாமியார்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்திருக்கும். அது அனுமதி. அனுமதி கிடைத்தவுடன் கால் நகர்ந்துவிடாது.

செய்தியைக் கொண்டுபோவதில்கூடப் பெரிய மனிதர்களை நாம் அளவுக்கு மீறி நம்புகிறோம். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் வேறு இரண்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து கர்நாடகத்தில் 213 கிராமங்களில் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். மிஸ்டு கால் கொடுத்தால் பரிசு கிடைக்கலாம் என்ற தகவலைச் சில கிராமங்களில் ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னார்கள், சில கிராமங்களில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த யாரோ சிலரிடம் சொன்னார்கள், சில கிராமங்களில் "இந்த ஊரில் ஒரு விஷயத்தைப் பரப்ப யார் சரியான ஆள்?" என்று ஊர்க்காரர்களையே கேட்டு, அவர்கள் காட்டிய ஆட்களிடம் சொன்னார்கள். ஊர்க்காரர்கள் காட்டியவர்கள் வழியாகத்தான் அதிகம் பேருக்குப் போய்ச் சேர்ந்தது. பெரியவர்கள் வழியாகப் போனது, யாரோ சிலரிடம் சொன்னதைவிட மேலாக இல்லை. ஊர் தன்னைத் தானே நன்றாக அறிந்து வைத்திருக்கிறது. நாம்தான் கேட்பதில்லை.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. மாத்திரை கொடுக்கப் போகும்போது பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். "யார் வீட்டுல உக்காந்து பீடி சுத்துவீய?" இது முதலாவது. "ஒடம்புக்கு முடியல, ஆஸ்பத்திரிக்குப் போணும்னா யாரைத் தொணைக்குக் கூப்பிடுவீய?" இது இரண்டாவது. இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். உடம்பு விஷயத்தில் யாரை நம்புகிறாள் என்பதை அது காட்டிவிடும். பெரும்பாலும் அக்கா, மைனி, பக்கத்து வீட்டுச் சித்தி என்று வரும். வருகிற பெயர்களை ஒரு நோட்டில் தெருவாரியாக எழுதி, யார் யாரைச் சொன்னார்கள் என்று கோடு போட்டுப் பாருங்கள். கோடுகள் ஓர் இடத்தில் நெருக்கமாக விழும். நான்கைந்து பேர் ஒருவரையொருவர் மாறி மாறிச் சொல்லியிருப்பார்கள். அதுதான் உங்கள் திண்ணை. அதில் எல்லாரும் சொல்கிற ஒரு பெயர் இருந்தால், முதலில் அவரிடம் பேசுங்கள். அந்த நோட்டை யாரிடமும் காட்ட வேண்டாம், அதிகாரி கேட்டாலும்.

ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் 200 கிராமங்களில் இதே யோசனையைச் சோதித்திருக்கிறார்கள். மழை நீர் தங்கும்படி குழி வெட்டி மக்காச்சோளம் விதைக்கும் முறை. ஒரு கிராமத்துக்கு இரண்டு விவசாயிகளுக்கு மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். அந்த இருவரையும் தேர்ந்தெடுப்பதில்தான் வித்தியாசம். களப்பணியாளர் வழக்கம்போலத் தேர்ந்தெடுத்த கிராமங்கள் பலவற்றில் முறை அந்த இருவரைத் தாண்டவே இல்லை. உறவு வலையைப் பார்த்து, ஒரே ஆட்களுக்கு இரண்டு பேரும் தெரிந்தவர்களாக இருக்கும்படி அமைத்தபோது நன்றாகப் பரவியது. இருவரில் ஒருவரை மட்டும் தெரிந்தவர்களைவிட, இருவரையும் தெரிந்தவர்கள் அதிகமாகக் குழி வெட்டினார்கள்.

உங்கள் வேலைக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கொரியா. 1968இல் அங்கே கிராமந்தோறும் தாய்மார் சங்கங்கள் தொடங்கினார்கள், குடும்பக் கட்டுப்பாட்டுக்காக. எவரெட் ராஜர்ஸும் லாரன்ஸ் கின்கெய்டும் 1973இல் திரட்டிய தகவல்களை ஆராய்ந்தபோது ஒன்று தெரிந்தது. அரசு எல்லா ஊருக்கும் எல்லா முறைகளையும் ஒரே மாதிரி கொண்டுபோனது. ஆனால் ஓர் ஊரில் பெரும்பாலோர் மாத்திரை, பக்கத்து ஊரில் பெரும்பாலோர் லூப் (கர்ப்பப்பைக்குள் வைக்கிற கருத்தடைச் சாதனம்). தொடக்கத்தில் அந்த ஊரின் முதல் சில பெண்கள் எதைப் போட்டுக்கொண்டு "பரவால்ல" என்று சொன்னார்களோ, அதுவே அந்த ஊரின் முறை ஆகிவிட்டது. நர்ஸ் என்ன சொன்னார் என்பது அதற்குப் பின்னால்தான்.

இது உங்கள் தலையில் ஒரு பாரத்தையும் வைக்கிறது. முதல் ஐந்து பேருக்கு அங்கே என்ன நடக்கிறதோ அதுதான் ஊருக்குப் போகும். காத்திருக்க வைத்தால் அது போகும். திரை இல்லாத அறையில் படுக்கவைத்தால் அது போகும். ஒரு நர்ஸ் எரிந்து விழுந்தால் அதுவும் போகும். ஆகவே பெண்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் மருத்துவ அலுவலரிடம் போய்ப் பேசுங்கள். பரிசோதிப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். கதவோ திரையோ இருக்க வேண்டும். பீடிக் கடையில் கணக்குப் பார்க்கிற நாளாக அது இருக்கக் கூடாது. இந்தத் திண்ணைக்காரர்களுக்கென்று ஒரு நேரம் ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். மாதவிலக்கு நாளில் செய்ய மாட்டார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வந்த ஒருத்தி வீணாகத் திரும்புவாள், அதுவும் ஒரு கதையாகும்.

என்ன செய்வார்கள் என்பதையும் மறைக்காமல், நடக்கிற வரிசையில் சொல்லுங்கள். காடியில் (வினிகரில்) இருக்கிற அதே அமிலத்தை நீர்க்கக் கலந்து, பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் வைப்பார்கள். ஒரு நிமிஷம் கழித்துப் பார்ப்பார்கள். வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் மேற்கொண்டு பார்க்கச் சொல்வார்கள். கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. லேசான எரிச்சல் இருக்கலாம், அதையும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்ட சின்ன எரிச்சல்தான் நாளைக்குப் பெரிய கதையாகும். கண்ணால் பார்க்கிற இந்த எளிய பரிசோதனையைத் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குச் செய்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களைவிட, இந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது என்று 2007இல் வெளிவந்தது. நம் தமிழ்நாட்டுப் பெண்கள் உலகத்துக்குக் காட்டிய கணக்கு அது. அப்படியிருந்தும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் பத்தில் ஒருவர்தான் எப்போதாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர். இந்த நோய் புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு நீண்ட அவகாசம் தருகிற ஒரு நோயில் ஒரு பெண் சாவதை என்னால் விதி என்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வதந்தி விஷயம். அதை மைக்கில் மறுக்க வேண்டாம். கேள்விப்படாத நாலு பேருக்கும் நீங்களே கொண்டுபோய்ச் சேர்ப்பதாகும். அதைப் பொய் என்று ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். வெள்ளைப்படுதலுக்கும் பெரும்போக்குக்கும் தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்த பெண்கள் உங்கள் ஊரிலேயே ஓரிருவர் இருக்கலாம். அந்த அனுபவம்தான் இந்தப் பேச்சுக்கு வேர். ஆகவே திண்ணையில் உட்கார்ந்து நேராகவே பேசுங்கள். "பரிசோதனையில் வெள்ளையாகத் தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் புண்ணோ ஆரம்ப நிலை மாற்றமோதான். மாற்றம் இருந்தாலும் அந்த இடத்தை மட்டும் உறையவைத்தோ சூடுபடுத்தியோ சரிசெய்கிற சிகிச்சை இருக்கிறது, அதற்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை" என்று சொல்லுங்கள். உங்கள் ஐந்து பேரில் ஒருத்தியை மேல்சிகிச்சைக்கு அனுப்பக்கூடும் என்பதையும் போவதற்கு முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். எதிர்பார்த்தது நடந்தால் பயம் பாதி.

ஹைகிரவுண்டுக்கு அனுப்பப்பட்ட அந்தப் பெண்ணைப் பற்றி உங்கள் கடிதத்தில் வேறு ஒன்றும் இல்லை. அவர் போனாரா? யாராவது துணைக்குப் போனார்களா? முதலில் அவர் வீட்டுக்குப் போங்கள், வதந்தியை அடக்க வேண்டும் என்பதற்காக அல்ல, அவருக்காக. அவருக்கு எல்லாம் நல்லபடி முடிந்து, அவராகவே நாலு பேரிடம் சொன்னால் அதைவிடப் பெரிய மருந்து இல்லை. ஆனால் சொல்லச் சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது. அவருடைய பெயரையோ முடிவையோ உங்கள் வாயால் யாரிடமும் சொல்லவும் கூடாது. முடிவு வெளியே தெரிந்துவிடும் என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால் ஐந்து பேர் அல்ல, ஐம்பது பேர் சேர்ந்தாலும் அந்தத் தெருவை அசைக்க முடியாது. இதே போல, ஒன்றாகப் போவது என்பது கூட்டத்தால் நெருக்குவதாக மாறிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரில் ஒருத்தி "நா வரல" என்றால் விட்டுவிட வேண்டும்.

ஒரு திண்ணை முடிந்த பிறகு அடுத்தது எது? எட்டாத தெருவுக்குத் தாவ வேண்டாம். போய் வந்தவர்களில் இரண்டு மூன்று பேருக்கு எந்தத் திண்ணையில் அக்காவோ மைனியோ இருக்கிறார்களோ, அங்கே போங்கள். ஒற்றை உறவு மட்டும் இருக்கிற இடம் ஒற்றைப் பனை மரத்தைப் போட்டு வாய்க்காலைக் கடப்பது மாதிரி. துணிந்தவர் ஒருவர் கடப்பார், மற்றவர்கள் கரையிலேயே நிற்பார்கள். இரண்டு மூன்று உறவாவது சேர்ந்து இணைக்கிற இடத்தில்தான் பழக்கம் தெரு தாண்டும். சுய உதவிக்குழுக் கூட்டம் இதற்கு நல்ல இடம், இரண்டு மூன்று தெருக்காரர்கள் ஒன்றாக உட்காருவார்கள். அங்கே நீங்கள் பேசாதீர்கள். போய் வந்தவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தால் போதும், "ஏட்டி, வலிச்சுதா?" என்று யாராவது கேட்பார்கள்.

எவ்வளவு பேர் சேர்ந்தால் ஊர் தானாக மாறும் என்று நீங்கள் கேட்கக்கூடும். 25 சதவீதம் என்று ஓர் எண் இப்போது எங்கும் அடிபடுகிறது. சென்டோலாவும் மற்றவர்களும் 2018இல் வெளியிட்ட சோதனையில் வந்தது அது. ஒரு படத்துக்கு எல்லாரும் ஒரே பெயர் வைக்கிற விளையாட்டு, பிடிவாதமாக வேறு பெயர் சொல்கிறவர்கள் கால்வாசி ஆனதும் குழுவே மாறியது. விளையாட்டில் வந்த அளவை உங்கள் ஊருக்கு அப்படியே எடுத்துவைக்க நான் விரும்பவில்லை. உங்கள் நூற்றைம்பதில் நாற்பது பேர் வந்துவிட்டால் மீதிப் பேர் தானாக வருவார்கள் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

ஏனென்றால் நம் ஊர்களில் தெருவைப் பிரிப்பது வாய்க்காலும் ரோடும் மட்டுமில்லை, சாதியும்தான். ஒரு தெருப் பெண்கள் இன்னொரு தெருத் திண்ணையில் உட்காருவதில்லை. இங்கே தொடங்கினால் அங்கே தானாகப் போய்ச் சேரும் என்று விட்டுவிட்டால், எப்போதும் கடைசியில் நிறுத்தப்படுகிறவர்களே இதிலும் கடைசியில் நிற்பார்கள். அந்தத் தெருவில் தனியாக ஒரு திண்ணையைத் தேடுங்கள், முடிந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள். எந்தத் திண்ணையிலும் சேராத பெண்களும் இருப்பார்கள். கணவனை இழந்தவர், பீடி சுற்றாமல் நூறு நாள் வேலைக்குப் போகிறவர், யாரோடும் பேச்சுவார்த்தை இல்லாதவர். உங்கள் நோட்டில் கோடே விழாத பெயர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு எந்தத் திண்ணையும் துணை வராது, நீங்கள்தான் கூட்டிப் போக வேண்டும். இந்த வேலைக்குத் தகுதி உண்டா என்று கேட்டீர்களே, இவர்கள் வீட்டுக்கும் படியேறிப் போகிற ஒருவர் ஊரில் இருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கடைசியாக இரண்டு. நீங்களும் முப்பது தாண்டியவராக இருந்து இன்னும் செய்துகொள்ளவில்லை என்றால், அந்த முதல் திண்ணையோடு சேர்ந்தே போங்கள். அரசு விதிப்படி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டியதுதான் இது. இரண்டாவது, யாரையாவது ஹைகிரவுண்டுக்கு அனுப்பினால் தனியாக விடாதீர்கள். அந்தத் திண்ணையிலிருந்தே ஒருத்தி கூடப் போகட்டும். சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, காலை முதல் பஸ்ஸில் போனால் ஓ.பி. சீட்டு எடுக்க நேரம் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் கடிதம் வாங்கி, எந்தப் பிரிவு, எந்தக் கிழமை என்பதை அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அன்றைக்குக் குறைகிற பீடியை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிக் கொடுக்க முடியுமா என்று திண்ணையிலேயே கேட்டுப் பாருங்கள்.